குளிருக்கு எந்த எண்ணெய்?

மும்பை தாதரில் குளிர் என்றால் ஜனவரியில் சில விடியற்காலைகள்தான். அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் மப்ளர் சுற்றியிருப்பார்கள். சாந்தாகுரூஸில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ். அது 1962 ஜனவரி 22 அன்று. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, குளிரில் பறக்கும் சிறு விமானத்துக்கு எந்த எஞ்சின் எண்ணெய் என்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் 1928இல் தொடங்கிய ஜுஹு விமானத்தளமும் பம்பாய் ஃபிளையிங் கிளப்பும் இங்கிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளித்தான். அந்தக் கிளப்பில் பழகிய ஒருவர் கிரீன்லாந்தின் பனிவெளிவரை சிறு விமானம் ஓட்டிப் போயிருக்கிறார்.  கிளப் தொடங்கிய நாளிலிருந்து எஞ்சின் எண்ணெயும் நிறைய மாறிவிட்டது.

ஆரம்பத்தில் ஊற்றியது விளக்கெண்ணெய். முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றில் எஞ்சினே புரொபெல்லரோடு சேர்ந்து சுழலும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எண்ணெய் இருக்கும் அதே அறை வழியாகத்தான் போகும். கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும். விளக்கெண்ணெயை அப்படி எளிதில் கரைக்காது. வேலை முடிந்த எண்ணெய் புகையோடு வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். அதை விழுங்கியவர்களின் வயிறு பட்ட பாட்டை நம் பாட்டிமார்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜுஹுவில் வந்து இறங்கினார். அவர் ஓட்டிய புஸ் மாத் விமானத்தில் 120 குதிரைசக்தி ஜிப்சி எஞ்சின். அதன் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். இந்த வகை எஞ்சின்களில் எண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து எரியும். அதனால் இறங்கிய இடமெல்லாம் பெட்ரோலோடு எண்ணெயையும் பார்த்து ஊற்றியாக வேண்டும். வழியில் அகமதாபாத்தில் பர்மா ஷெல் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன.

அக்காலத்து எண்ணெய் ஒரே கிரேடு. வெயிலுக்குக் கெட்டி, குளிருக்கு இளக்கம் என்று பருவம் பார்த்து மாற்றுவதுதான் முறை. கராச்சி, பம்பாய், மதராஸ் பாதையில் பெரும்பாலும் கெட்டி எண்ணெயே போதும். பனி விழும் நாட்டில் பாடு வேறு. கனடாவிலும் அலாஸ்காவிலும் விமானிகள் இரவு எஞ்சினை நிறுத்தியதும் சூட்டோடு எண்ணெயை வடித்து டின்னில் பிடித்து, அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். காலையில் எஞ்சினைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே புளோலாம்ப் வைத்துச் சூடாக்கி, காய்ச்சிய எண்ணெயைத் திரும்ப ஊற்றுவார்கள். இரண்டாம் உலகப் போரில் இன்னொரு உபாயம் பரவியது. எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன் எண்ணெயில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவார்கள். மறுநாள் இளகிய எண்ணெயில் எஞ்சின் கிளம்பும். சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகிவிடும்.

இத்தனை பாடும் எதற்கு? குளிரில் கெட்டியான எண்ணெயை பம்ப் இழுக்கத் திணறும். பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும். எஞ்சின் தேய்மானத்துக்கு இந்தக் குளிர்ந்த தொடக்கம் ஒரு முக்கியக் காரணம்.

மாற்றம் இரண்டு கட்டமாக வந்தது. 1958இல் ஷெல் நிறுவனம், சாம்பல் சேராமல் அழுக்கைத் தன்னுள் மிதக்க வைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோகும் எண்ணெயை விமானங்களுக்குக் கொடுத்தது. ஏரோஷெல் டபிள்யூ80, டபிள்யூ100 என்று இன்றும் விற்பவை அந்த வகைதான். தாதர் மெக்கானிக் பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 டப்பாவில் டபிள்யூ குளிரைக் குறிக்கும். டபிள்யூ100இல் அப்படி இல்லை. அது எஸ்.ஏ.இ. என்ற தடிமன் அளவையில் 50 உள்ள, வெயிலுக்கான எண்ணெய். டபிள்யூ80 என்பது எஸ்.ஏ.இ. 40. பின்னர் 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 என்ற மல்டிகிரேடு எண்ணெய்கள் வந்தன. இவற்றில் சேர்க்கும் பாலிமர் சூட்டில் விரியும். அதனால் குளிரில் இளகியும், சூட்டில் போதிய தடிமனோடும் ஒரே எண்ணெய் நிற்கிறது.

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் இருக்கும் லைகாமிங் எஞ்சினுக்கு அந்த நிறுவனம் தரும் அட்டவணையைப் பார்த்தால் நம்மூர்க் கணக்கு தெளிவாகும். எஸ்.ஏ.இ. 50 எண்ணெய் சுமார் 16 டிகிரிக்கு மேல்; எஸ்.ஏ.இ. 40 எண்ணெய் சுமார் மைனஸ் 1 முதல் 32 டிகிரி வரை. மல்டிகிரேடு எல்லா வெப்பநிலைக்கும். மும்பையின் ஜனவரி விடியல் ஏறக்குறைய அந்த 16 டிகிரி எல்லையில் நிற்கிறது. ஆகவே ஜுஹுவில் ஏறக்குறைய ஆண்டு முழுக்க டபிள்யூ100 போதும். பம்பாய் ஃபிளையிங் கிளப்பின் இன்னொரு பயிற்சித் தளமான துலேயில் குளிர்கால விடியல் 10 டிகிரிக்குக் கீழும் இறங்கும். அங்கே டபிள்யூ80 அல்லது மல்டிகிரேடுதான் பொருத்தம்.

ஜுஹுவில் குளிரைவிடப் பெரிய எதிரி கடற்காற்றும் நான்கு மாத மழையும். பறக்காமல் நிற்கும் எஞ்சினுக்குள் ஈரம் சேர்ந்து கேம் ஷாஃப்டில் துரு பிடிக்கும். ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்றச் சொல்வது இதனால்தான்.

இன்றைய கதைக்கு வருவோம். தொடக்கத்தில் சொன்ன, கிளப்பில் பழகியவர் மும்பைப் பெண் ஆரோஹி பண்டிட். 2019 மே மாதம் அவர் ஸ்காட்லாந்தின் விக் நகரிலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் இக்காலுயிட் வரை தனியாகப் பறந்தார். இலகுரக விளையாட்டு விமானத்தில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண் அவர். 2021 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி.யின் பயணத்தை நினைவுகூர்ந்து புஜ்ஜிலிருந்து ஜுஹுவுக்கும் பறந்து வந்தார். அவருடைய 'மாஹி' விமானம் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் பொருத்திய பிப்பிஸ்ட்ரெல் சைனஸ். இந்த எஞ்சினில் பைக்கில் இருப்பதுபோல் கியர்பாக்ஸுக்கும் அதே எண்ணெய்தான். அதற்கென்றே ஏரோஷெல் ஸ்போர்ட் பிளஸ் 4 என்ற 10டபிள்யூ-40 எண்ணெய் இருக்கிறது.

இப்போது எண்ணெய் தேர்வைத் தீர்மானிப்பதில் எரிபொருளுக்கும் பங்கு வந்துவிட்டது. வழக்கமான விமான பெட்ரோலில் ஈயம் உண்டு. முழு சிந்தெடிக் எண்ணெய் அந்த ஈயக் கசடைச் சுமக்காது. ரோட்டாக்ஸ் ஈயமில்லாத பெட்ரோலிலேயே ஓடும். ஈய பெட்ரோலையே தொடர்ந்து ஊற்றினால் எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

மாறாதது சூடேற்றும் பொறுமை. மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே எஞ்சினைச் சூடாக்கிய பிறகே கிளப்பச் சொல்கிறது லைகாமிங். புளோலாம்ப் இருந்த இடத்தில் மின் ஹீட்டரும் போர்வையும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ரோட்டாக்ஸில் எண்ணெய் 50 டிகிரி தொடும்வரை முழு வேகம் கொடுக்கக் கூடாது. மல்டிகிரேடு ஊற்றியாயிற்று என்று இதைத் தாண்டிப் போக முடியாது.

விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எந்த எண்ணெய் என்பதை எஞ்சின் கையேட்டில் பாருங்கள், எப்போது கிளம்பலாம் என்பதை எண்ணெய் வெப்பமானியில் பாருங்கள். பக்கத்து ஹேங்கரில் என்ன ஊற்றுகிறார்கள் என்பது அவர்கள் எஞ்சினின் கணக்கு.