வீட்டுத் தோட்டமும் மனக்குறையும்



வீட்டைச் சுற்றி நாலு செடிகளை நட்டு வளர்ப்போர் அனைவருக்கும் ஒரு பொதுவான மனக்குறை உண்டு. எவ்வளவு பாடுபட்டாலும் தோட்டம் நாம் நினைத்த வண்ணம் அமைவதில்லை. வாங்கி வந்த ரோசா இலை உதிர்த்து நிற்கும். கோவா சுருளாமல் விரிந்து போகும். அடுத்த வீட்டு வாசலோ பச்சைப் பசேலென்று செழித்திருக்கும். அப்போது, "நமது கை ராசியில்லாத கை" என்று மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுகின்றோம். இம்மனக்குறை எங்கிருந்து பிறக்கின்றது, அதனை எவ்வாறு ஊக்கமாக மாற்றிக்கொள்ளலாம் என்பன பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

சப்பிரகமுவைப் பகுதியில் தோட்டம் என்றால் தேயிலையும் இறப்பருமே முதலில் நினைவுக்கு வரும். ஆகவே வாசலிலுள்ள சிறு நிலத்தை "வீட்டுத் தோட்டம்" என்று அடைமொழி சேர்த்தே அழைக்கின்றோம். அழகிய பூந்தோட்டம் எது என்ற எண்ணமும் நம்மில் பலருக்குத் துரையின் பங்களாவிலிருந்தே வந்தது. சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்வோர் ஹக்கலைப் பூங்காவைக் கண்டு மயங்கி, அங்குள்ள மலர்களையே தம் வாசலிலும் காண விழைகின்றனர்.

ஹக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் உள்ளது. நிவித்திகலவோ தாழ்நில ஈரவலயத்தைச் சேர்ந்தது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இப்பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் மண் புளிப்படைகின்றது. தேயிலைக்கு அப்புளிப்பு உகந்தது. கோவாவுக்கும் போஞ்சிக்கும் ஒவ்வாது. ஓயாத ஈரத்தில் ரோசா இலைகளிற் கரும்புள்ளி நோய் எளிதிற் பற்றுகின்றது. எனவே குறை நமது கையில் இல்லை. வேறோர் ஊரின் தோட்டத்தை இவ்வூர் மண்ணிடம் கேட்கின்றோம், மண் மறுக்கின்றது.

ஹக்கலைப் பூங்காவின் வரலாறே இதற்கு நல்ல சான்று. 1861ஆம் ஆண்டில், காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்கே அது தொடங்கப்பெற்றது. காலம் மாறியது, சிங்கோனாவின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அந்த நிலமோ குளிர்நாட்டு மலர்களுக்குப் பெயர் பெற்ற பூங்காவாயிற்று.

இன்னொரு சான்றினை நமது ஈரவலயத்திலேயே காணலாம். பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில், லுணுகங்க என்னும் தோட்டம் இருக்கின்றது. ஜெப்ரி பாவா என்னும் வழக்கறிஞர் இத்தாலி நாட்டில் ஏரிக்கரை மாளிகையொன்றை வாங்கி வாழ விரும்பினார். அது கைகூடவில்லை. மனக்குறையோடு திரும்பிய அவர், 1948ஆம் ஆண்டளவில் பழைய இறப்பர்த் தோட்டமொன்றை வாங்கி, அதனைத் தம் கனவுக்கு ஏற்ப அமைக்க முற்பட்டார். எண்ணியதைச் செய்து முடிக்கத் தமக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதை வேலை தொடங்கிய பின்னரே உணர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று கட்டடக்கலை பயின்று, 1957இல், 38ஆம் வயதில் தேறினார். 1982இல் கோட்டேயில் திறக்கப்பெற்ற நமது பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்தவர் அவரே. ஒரு தோட்டத்தைப் பற்றிய மனக்குறை நாட்டுக்கு ஒரு பெருங் கட்டடக் கலைஞரைத் தந்தது எனலாம்.

2003இல் மறைந்த அவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அத்தோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். அங்கே மலர்கள் மிகக் குறைவு. பச்சையின் பல சாயல்களும் நிழலும் நீரும் பாசி படிந்த கற்களுமே அதன் அழகு. மழை எதனை இலவசமாகத் தந்ததோ, அதனையே அவர் அணியாக்கினார். குன்றொன்றின் உச்சியைத் தாழ்த்தி, அப்பாலுள்ள ஏரியையும் தாதுகோபத்தையும் தம் வீட்டிலிருந்தே காணும்படி செய்தார்.

"அவருக்கு ஏக்கர்க் கணக்கில் நிலமும் செல்வமும் இருந்தன, லயத்து வாசலில் எமக்குப் பத்தடிதானே உண்டு?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனுள்ளே ஆழ்ந்த துயரொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நம் மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரிற் கப்பலேறினர். விதையிட்ட பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்று அறியாதவர் மூன்று மாதத்திற் பூக்கும் செவ்வந்தியை நடுவதில் வியப்பென்ன? இன்றும் பல குடும்பங்களுக்குத் தாம் வாழும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. அக்குறையைத் தோட்டவேலை தீர்க்காது. அது சட்டத்தாலும் ஒற்றுமையான முயற்சியாலும் தீர வேண்டியது. ஆனால் வாடிய ரோசாவைப் பற்றிய குறையை நாமே தீர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கி, எதற்கும் கைகட்டி இருத்தல் ஆகாது.

இனி, செய்யத்தக்கவற்றைக் கூறுவேன். முதலாவது, ஓர் ஆண்டுக் காலம் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் குறித்து வாருங்கள். எம்மூலையில் நீர் தேங்குகின்றது, எங்கே காலை வெயில் விழுகின்றது, எது நடாமலே முளைத்தது என்று எழுதுங்கள். மனக்குறை கேள்வியாக மாறும்போது அதன் கசப்பு குறைகின்றது. இரண்டாவது, அயலிலுள்ள சிங்களக் கிராமத்து வீட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். மேலே தென்னையும் பலாவும். நடுவே கமுகும் அதிற் படரும் மிளகும். கீழே இஞ்சியும் மஞ்சளும் வல்லாரையும். அருகேயுள்ள சிங்கராஜ வனமும் இவ்வாறே அடுக்கடுக்காகத்தான் வளர்கின்றது. சிங்கள மக்கள் பலாவைச் சோற்றுமரம் என்றே போற்றுகின்றனர். ஒரு மிளகுக் கொடித் துண்டு கேட்டுச் சென்றால், செடியோடு நட்பும் கிடைக்கும்.

மூன்றாவது, மண்ணுக்கு உதவுங்கள். காய்கறி நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் டொலமைற்றுத் தூளைக் கலந்தால் புளிப்புக் குறையும். பாத்தியை உயர்த்தி, சருகினால் மூடினால் மழை மண்ணை அடித்துச் செல்லாது. பூவே வேண்டுமெனில், இவ்வீரத்தை விரும்பும் அந்தூரியத்தையும் செவ்வரத்தையையும் நடுங்கள். நான்காவது, முழுத் தோட்டத்தையும் ஒரே நாளிற் சீர்திருத்த முயலாது, வாசற்படியிலிருந்து கண்ணிற்படும் ஒரு மூலையை மட்டும் முதலிற் செப்பனிடுங்கள்.

பாடசாலையில் நாற்றுமேடை போடும் பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு: முளைக்காத விதையின் பெயரையும் எழுதி வையுங்கள், அடுத்த பருவத்தில் அதுவே உங்கள் ஆசிரியர். வாசலில் இடமுள்ள நேயர்கள் இம்மழைக்காலத்தில் ஒரு பலாக் கன்றையும் நட்டு வைப்பார்களாக. அதன் முதற் காயை வீட்டுப் பிள்ளைகள் பறிப்பார்கள்.