உஷார்! 127 வரை சரியாக ஓடும், 128-ல் காலை வாரிவிடும்

ஜாவாவில் கோட் எழுதுகிறவர்கள் கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். இரண்டு இன்டீஜர் ஆப்ஜெக்ட்டுகளை எங்காவது இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டிருக்கிறீர்களா? அந்த வரி இன்றைக்கு ஒழுங்காக ஓடுகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டு இன்டீஜர் வேரியபிள்களில் 127 போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், 'ட்ரூ' வரும். இரண்டிலும் 128 போடுங்கள், 'ஃபால்ஸ்'! இரட்டைச் சமக்குறி ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் மதிப்பைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் மெமரியில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கிறது. -128 முதல் 127 வரையான எண்களை ஜாவா முன்கூட்டியே செய்துவைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதே ஆப்ஜெக்ட்டை எடுத்து நீட்டுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால், சாதாரணமாக ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட். 2004-ல் வந்த ஜாவா 5, சாதாரண 'இன்ட்'டைத் தானாகவே ஆப்ஜெக்ட்டாக மாற்றத் தொடங்கியதிலிருந்து இந்தக் குழி நம் கண்ணில் படாமலே இருக்கிறது.

எனக்குப் பயமே இங்குதான். டெஸ்ட் எழுதும்போது வாடிக்கையாளர் எண்ணாக நாம் என்ன போடுகிறோம்? 1, 2, 3. எல்லாம் பச்சை விளக்கு. லைவில் 128-ஆவது ஆள் வந்ததும், அவருடைய ஆர்டரே அவருடையது இல்லை என்று புரோகிராம் சொல்லும். எக்ஸெப்ஷன் வராது, லாகில் ஒரு வரிகூட இருக்காது. ஸ்ட்ரிங்கிலும் இதே கதைதான். கோடில் நேரடியாக எழுதிய இரண்டு 'மதுரை' ஒரே ஆப்ஜெக்ட். ஃபைலிலிருந்து படித்த 'மதுரை' வேறு.

"நான் ஈக்வல்ஸ்தான் போடுகிறேன்" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? நீங்கள் எழுதிய கிளாஸில் அந்த மெத்தடை நீங்களே எழுதாவிட்டால், தாய் கிளாஸிலிருந்து வருவதும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்றுதான் பார்க்கும். எழுதினாலும், ஹாஷ்கோடை விட்டுவிட்டால் போச்சு. ஹாஷ்செட்டில் போட்ட பொருளுக்குச் சமமான இன்னொன்றைக் கொடுத்துத் தேடினால், பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். உள்ளே போட்டபின் ஹாஷ்கோட் கணக்கில் சேரும் ஒரு ஃபீல்டை மாற்றினாலோ, போட்ட அதே பொருளே அகப்படாமல் போகலாம். மெமரியில் இருக்கும், தேடினால் கிடைக்காது.

பணக் கணக்கு எழுதுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை! பிக்டெசிமலில் 2.0-வும் 2.00-வும் ஈக்வல்ஸ் கணக்கில் சமமில்லை. தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதையும் அது பார்க்கிறது. அங்கே கம்பேர்டூ போட்டு, விடை பூஜ்யமா என்று பாருங்கள்.

2021-ல் வந்த ஜாவா 16 முதல் 'ரெக்கார்ட்' இருக்கிறது. ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் இரண்டையும் அதுவே எழுதிக்கொள்ளும். வெறும் தரவைச் சுமக்கும் கிளாஸ் என்றால் தயங்காமல் அதற்கு மாறுங்கள். ஈக்வல்ஸைக் கையால் எழுதினால் தலையில் ஓவர்ரைட் குறிப்பு கட்டாயம். ஆப்ஜெக்ட் என்று இருக்க வேண்டிய பாராமீட்டரில் உங்கள் கிளாஸ் பெயரைப் போட்டுவிட்டால், கம்பைலர் அங்கேயே பிடித்துவிடும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் சத்தமே வராது. ஹாஷ்செட் உங்கள் மெத்தடைக் கூப்பிடவே கூப்பிடாது.

இன்றைக்கே புராஜெக்டைத் திறந்து இரட்டைச் சமக்குறி இருக்கும் வரிகளைத் தேடுங்கள். இன்டீஜர், லாங், ஸ்ட்ரிங் பக்கத்தில் நிற்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படியே டெஸ்டில் இருக்கும் 1, 2, 3-ஐத் தூக்கிவிட்டு 1000, 2000 என்று போட்டு ஒருமுறை ஓட்டுங்கள்.