கன்னியாகுமரி மாவட்டத்து வரலாற்றுச் சிற்றூர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து வரலாற்றுச் சிற்றூர்கள் என்பவை தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கும் ஆறுகளுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் இடையே அமைந்துள்ள தொன்மையான ஊர்களைக் குறிக்கும். இம்மாவட்டத்துக்கு வரும் பயணிகளுள் பலர் குமரிமுனையில் கதிரவன் தோன்றுவதையும் மறைவதையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால் இம்மண்ணின் பழைய வரலாற்றைக் கூறும் கல்வெட்டுகள், செப்பேடுகள், குடைவரைகள், நீர்நிலைகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை உள்நாட்டுச் சிற்றூர்களைச் சார்ந்தவை.

பெயரும் நிலப்பகுதியும்

அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் சேர்ந்த கிழக்குப் பகுதியே நாஞ்சில் நாடு என வழங்கப்பட்டது. மேற்கில் உள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகள் வேணாட்டைச் சேர்ந்தவை. இந்நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. கிழக்கே சமவெளி வயல்களும் குளங்களும், மேற்கே மேடுபள்ளமான தோட்ட நிலங்களும் காணப்படுகின்றன. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இம்மாவட்டத்துக்குக் கிடைக்கின்றன.

நீரும் ஊரும்

இவ்வூர்களின் அமைப்பைப் புரிந்துகொள்ள நீரின் வழியைப் பின்தொடர்தல் நல்லது. மேற்கே கோதையாறும் பறளியாறும் திருவட்டாற்றை அடுத்த மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலை அடைகின்றன. கிழக்கே பழையாறு சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலில் கலக்கிறது. பறளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பும் பாண்டியன் அணை பொன்மனை அருகே உள்ளது. இப்பெயர், பழங்காலத்திலேயே ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றுக்குக் கொண்டுசென்ற பணியைப் பாண்டிய மன்னருடன் தொடர்புபடுத்துகிறது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897 முதல் 1906 வரை, மூலம் திருநாள் மன்னர் காலத்தில், பொறியாளர் மிஞ்சினின் பொறுப்பில் கட்டப்பட்டது. அவருடைய கல்லறை அணைக்கு அருகிலேயே உள்ளது.

மாத்தூர்த் தொட்டிப்பாலம்

1966ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம், பறளியாற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டு செல்கிறது. 28 தூண்கள் இதனைத் தாங்குகின்றன. உயரம் 100 அடிக்கு மேல். நீர் செல்லும் தொட்டியை ஒட்டி மக்கள் நடந்து செல்ல வழி உண்டு. இங்குள்ளோர் பாசனக் கால்வாயைச் 'சானல்' என்பர். சானலில் நீர் விடப்படும் மாதங்களில் சென்றால் காலடியில் ஆறும் அருகில் கால்வாயும் ஓடுவதை ஒருசேரக் காணலாம்.

சிதறால்

மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரின் குன்று, கல்வெட்டுகளில் திருச்சாரணம் எனப்படுகிறது. சமண முனிவர்களான சாரணர்கள் தங்கிய இடம் என்பது இதன் பொருள். இயற்கையான பாறைப் பிளவின் சுவரில் பார்சுவநாதர் உள்ளிட்ட தீர்த்தங்கரர்களும் அம்பிகை, பத்மாவதி ஆகிய இயக்கியரும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இங்குப் பொன் அணிகலன் அளித்ததைக் கூறுகிறது. குரத்தி என்பது பெண்பால் சமண ஆசிரியரைக் குறிக்கும் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் பெண்கள் சமயத் துறையில் மதிப்புப் பெற்றிருந்தமைக்கு இது சான்றாகும். 13ஆம் நூற்றாண்டளவில் இது பகவதி கோவிலாக மாறியது. அப்போதும் சமணச் சிற்பங்கள் அகற்றப்படவில்லை. இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பாதுகாக்கிறது.

பார்த்திவபுரம்

முஞ்சிறையை அடுத்த இவ்வூரில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் திருமாலுக்குக் கோவில் எழுப்பினான். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவனது செப்பேட்டின்படி, முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, மாற்றாக இந்நிலத்தைப் பெற்றான். கோவிலுடன் 95 சட்டர்கள் (மாணாக்கர்கள்) தங்கிப் பயிலும் சாலை ஒன்றையும் காந்தளூர்ச் சாலையின் முறைப்படி நிறுவினான். சேர்க்கைக்கு இலக்கணம், மீமாம்சை முதலியவற்றில் தேர்ச்சி வேண்டும் என்றும் செப்பேடு விதிக்கிறது. காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவர் 1876இல் இம்மாவட்டத்துத் தேரூரில் பிறந்தவர்.

திருநந்திக்கரை

குலசேகரத்தை அடுத்த இவ்வூரில் ஒரு குடைவரைச் சிவன் கோவில் உள்ளது. முதலாம் இராசராசனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, முட்டம் என்னும் ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயரிட்டு, அரசனின் பிறந்தநாளான ஐப்பசிச் சதய விழாவுக்கு அதனை அளித்ததைக் கூறுகிறது. குடைவரையின் உட்சுவரில் பழங்கால ஓவியங்கள் இருந்தன. இன்று மங்கிய கோடுகளே எஞ்சியுள்ளன. அருகிலுள்ள திற்பரப்பில் கோதையாறு அருவியாக விழுகிறது. அதன் கரையில் மகாதேவர் கோவில் உள்ளது.

தேரூரும் சுசீந்திரமும்

தாணுமாலயன் கோவிலால் அறியப்படும் சுசீந்திரத்தின் குளமும், அதனை அடுத்த தேரூர்க் குளமும் வலசை வரும் நீர்ப்பறவைகளின் வாழிடங்கள். பாசனத்துக்காகப் பேணப்பட்ட இந்நீர்நிலைகள் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சிவாலய ஓட்டம்

ஊர் ஊராகச் சென்று காண்பது இப்பகுதிக்குப் புதிதன்று. மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறும் சிவாலய ஓட்டத்தில் அடியார்கள் காவி உடுத்தி, கையில் விசிறியுடன், திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரு சிவன் கோவில்களுக்கு ஓடியும் நடந்தும் செல்கின்றனர். மொத்தத் தொலைவு 100 கி.மீ.க்கு மேல். சிவன் கோவில்களை நோக்கி ஓடுவோர் 'கோவிந்தா, கோபாலா' எனத் திருமாலின் பெயரைச் சொல்வது இதன் சிறப்பு. திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, கல்குளம், திருவிதாங்கோடு ஆகியன இவ்வழியில் உள்ளன. இவற்றுள் திருவிதாங்கோடு வேணாட்டின் பழைய தலைநகர். திருவிதாங்கூர் என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது.

பயண முறை

மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தில் இவ்விடங்களை அடையலாம். சிதறால், மாத்தூர், திருவட்டாறு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காண இயலும். சிதறாலில் அடிவாரத்திலிருந்து பாறை மேல் அமைந்த பாதையில் ஏற வேண்டியிருப்பதால் காலை வேளை ஏற்றது. மழைக்காலத்தில் பாறை வழுக்கும். அருவியிலும் நீர்ப்பெருக்கு மிகுந்தால் குளிக்கத் தடை விதிக்கப்படும்.

பாதுகாப்பு

கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு நின்றது. அதே காலப்பகுதியின் ஓவியம் நிற்கவில்லை. நீர்நிலைகளின் நிலை வேறு. குளமும் சானலும் மரபுச் சின்னங்கள் என்பதற்காக அல்ல, வயலுக்கு நீர் வேண்டியிருந்ததனாலேயே காலந்தோறும் செப்பனிடப்பட்டன. அண்மைப் பத்தாண்டுகளில் நெல்வயல்கள் வாழைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவருகின்றன. வயல் குறையுமிடத்தில் குளத்தைத் தூர்வாரும் தேவையும் குறைகிறது. ஆகவே இவ்வூர்களின் பாதுகாப்பு தொல்லியல் துறையின் வேலியை மட்டுமன்று, வேளாண்மை தொடர்வதையும் சார்ந்துள்ளது.