ஒளி பட்டால் மாறும் வாக்கியம்

இருட்டறை. நடுவில் ஒரு பீடம், அதன்மேல் சிறிய கண்ணாடித் தட்டு. தட்டுக்குள் ஈ.கோலை பாக்டீரியாக்கள். அவற்றைப் படமெடுக்கும் கேமரா, காட்சியைச் சுவரில் பெரிய வட்டமாகக் காட்டுகிறது. புற ஊதா விளக்கு எரிந்ததும் சில பாக்டீரியாக்கள் இளநீலமாகவும் சில மஞ்சளாகவும் ஒளிர்கின்றன. விளக்கை ஏற்றியவரோ அந்த அறையிலேயே இல்லை. எங்கோ ஓர் ஊரில் கணினி முன் உட்கார்ந்து, இணையம் வழியாக ஏற்றியிருக்கிறார்.

1999 செப்டம்பரில், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவில் வைக்கப்பட்ட 'ஜெனிசிஸ்' இது. பிரேசிலில் பிறந்த எட்வார்டோ காட்ஸ் உருவாக்கியது. குளோனிங் முறையில் பிறந்த டாலி ஆட்டுக்குட்டியைப் பற்றி உலகம் அறிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

விவிலியத்தின் ஆதியாகமத்தில், மீன், பறவை, நிலத்தில் நடமாடும் உயிர் எல்லாவற்றையும் ஆளும் உரிமை மனிதனுக்கு வழங்கப்படும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆங்கில வாக்கியத்தைத் தந்திக்காரர்களின் மோர்ஸ் குறியீட்டுக்கு மாற்றி, பிறகு அதை டிஎன்ஏவாக்கினார் காட்ஸ். மோர்ஸின் கோட்டுக்கு டிஎன்ஏவின் தைமின் மூலக்கூறு, புள்ளிக்குச் சைட்டோசின். எழுத்துகளுக்கு இடைவெளியாகக் குவானைன், சொற்களுக்கு இடைவெளியாக அடினைன். இந்த வரிசையை ஆய்வகத்தில் மரபணுவாகத் தயாரித்து பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். இளநீலமாக ஒளிர்பவைதான் அந்த வாக்கியத்தைச் சுமப்பவை.

அந்த விளக்கு வெறும் வெளிச்சத்துக்கானது அல்ல. தைமினும் சைட்டோசினும் அடுத்தடுத்து வரும் இடங்களில்தான் புற ஊதாக் கதிர் டிஎன்ஏவை அதிகம் தாக்கும். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் அங்கே நகலெடுக்கும்போது தவறு நேரும். கடும் வெயிலில் நம் தோல் செல்களுக்கு நேர்வதும் இதுவே. காட்ஸின் குறியீட்டில் கோடும் புள்ளியும் இந்த இரண்டு மூலக்கூறுகள்தான் என்பதால், வாக்கியத்தின் பெரும்பாலான எழுத்துகள் அந்த ஒளிக்கு இலக்கு. பாக்டீரியா தானாகப் பெருகும்போதும் பிழை வரும். விளக்கு அதைக் கூட்டுகிறது.

ஆகவே, பார்க்க ஆசைப்பட்டுப் பொத்தானை அழுத்துகிறவர் வாக்கியத்தைத் திருத்துகிறார், எதுவாகத் திருத்துகிறோம் என்று தெரியாமலே. அழுத்தாமல் விலகிப் போனாலோ, மனிதன் எல்லா உயிரையும் ஆளலாம் என்ற பேச்சை அப்படியே விட்டுவைத்தவராகிறார். சுற்றுச்சூழல் பற்றியும் மரபணு மாற்றம் பற்றியும் நான் கேட்ட எத்தனையோ விவாதங்களைவிட, இந்த ஒற்றைப் பொத்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்திருக்கிறது. இதில் கை வைக்காமல் நிற்பவர் என்று யாருமே இல்லை.

கண்காட்சிக்குப் பிறகு மரபணுவைத் திரும்பப் படித்தார்கள். மனிதனைக் குறிக்கும் 'மேன்' என்ற சொல்லில் முதல் எழுத்து எம். மோர்ஸில் இரண்டு கோடுகள், டிஎன்ஏவில் இரண்டு தைமின்கள். முதல் தைமின் சைட்டோசினாகிவிட்டால் ஒரு புள்ளி, ஒரு கோடு. அது ஏ என்ற எழுத்து. அப்படித்தான் ஆகியிருந்தது. ஆளுகையைச் சொல்லும் சொல் அப்படியே இருக்க, 'மேன்' இருந்த இடத்தில் ஏ, ஏ, என் என்று பொருளில்லாத மூன்று எழுத்துகள் நின்றன.