கவுன்சலர் உரிமம்: மேற்பார்வையில் கழியும் மணிநேரங்கள்

"மூணு நாள் கவுன்சலிங் கோர்ஸ் போயிட்டு வந்தேன், சர்டிபிகேட்டும் கொடுத்தாங்க. இனிமே பேருக்குப் பின்னாடி கவுன்சலர்னு போட்டுக்கலாமா?" பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் சுருக்கமானது: போட்டுக்கொள்ள முடியாது. ஏன் முடியாது, போட்டுக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

மலேசியாவில் 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டம், அதாவது சட்டம் 580, நடப்பில் உள்ளது. அதன்கீழ் அமைக்கப்பட்டதுதான் மலேசியக் கவுன்சலர் வாரியம். மலாயில் லெம்பாகா கவுன்செலோர் என்பார்கள். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின்கீழ் அது இயங்குகிறது. வாரியத்தில் பதிந்துகொள்ளாதவர் தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்வது குற்றம். அதற்கு அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பதிவு ஒன்று, தொழில் செய்வதற்கான சான்றிதழ் இன்னொன்று. இரண்டும் பெற்றவர்கள் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். (இந்த பி.ஏ. நம் பழைய இளங்கலைப் பட்டம் அல்ல. 'பெராகுவான் அமாலான்', அதாவது தொழில் சான்றிதழ்.) பதிவு ஒருமுறை கிடைத்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. தொழில் சான்றிதழைக் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும்.

பள்ளியில் நாம் பார்க்கும் ஜி.பி.கே., அதாவது வழிகாட்டி ஆலோசக ஆசிரியர், கல்வி அமைச்சு நியமிக்கும் ஒரு பொறுப்பு. வாரியப் பதிவு வேறு கதை. இரண்டும் உள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஒன்று மட்டும் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பினாங்கு மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைவாக உள்ள பள்ளிகளும் அடக்கம். அப்படிப்பட்ட சிறிய பள்ளிக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கட்டொழுங்கு, மாணவர் நலம், புறப்பாடம் என்று ஏற்கெனவே நாலு பொறுப்பைத் தூக்கிக்கொண்டிருக்கும் ஒரு டீச்சரிடமே "இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கொடுத்துவிடுவார்கள். அவரே ஒருநாள், முறையாகப் படித்து உரிமம் வாங்கினால் என்ன என்று யோசிக்கிறார். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

அவர் முதலில் செய்வது இணையத்தில் தேடுவது. தேடினால் 'லைசென்ஸ்ட் புரொஃபெஷனல் கவுன்சலர்' என்ற சொல்லும், 3,000 மணிநேரம் என்ற எண்ணும் வந்து நிற்கும். பார்த்ததும் பலருக்கு மலைப்பு. அது அமெரிக்காவின் முறை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறது. டெக்சஸ் மாநிலத்தை எடுத்துக்கொண்டால், முதுகலைப் படிப்பை முடித்த பிறகு 3,000 மணிநேரம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். அதில் 1,500 மணிநேரம் ஆலோசனை நாடி வருபவருடன் நேரடியாக இருந்திருக்க வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் அதை முடிக்க விடமாட்டார்கள். கலிஃபோர்னியாவிலும் 3,000 மணிநேரம்தான், குறைந்தது 104 வாரம்.

நம் நாட்டு ஏற்பாடு இப்படியில்லை. இங்கே மேற்பார்வை அனுபவம் படிப்புக்கு உள்ளேயே இருக்கிறது. வாரியம் அங்கீகரித்த கவுன்சலிங் பட்டப்படிப்பில் முதலில் பிராக்டிகம், பிறகு இன்டர்ன்ஷிப் என்று இரண்டு கட்டங்கள் வரும். அவற்றை முடித்துப் பட்டம் பெற்றவர் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்குப் பிறகு தனியாக 3,000 மணிநேரம் ஓட வேண்டியதில்லை. ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. மணிநேரம் படிப்புக்குள் இருப்பதால், தவறான படிப்பில் சேர்ந்துவிட்டால் மணிநேரமும் சேர்ந்தே வீணாகிவிடும். 'உளவியல்', 'மனித மேம்பாடு', 'கவுன்சலிங் திறன்' என்று அழகான பெயரில் எத்தனையோ படிப்புகள் விளம்பரமாகின்றன. அவற்றில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவுக்கு அவை உதவுமா என்பது வேறு கேள்வி. ஒரு படிப்பைப் பல்கலைக்கழகம் நடத்துவது மட்டும் போதாது, அந்தப் படிப்பைக் கவுன்சலர் வாரியம் ஏற்றிருக்க வேண்டும். சிந்தோக்கில் உள்ள மலேசிய உத்தாரா பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் போன்றவை பல காலமாகக் கவுன்சலிங் துறையில் பயிற்சி கொடுத்து வருகின்றன. எங்கே சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் வாரியத்திடமே படிப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

சரி, மணிநேரம் என்றால் என்ன கணக்கு? இதில்தான் குழப்பம் அதிகம். அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பான கேக்ரெப் வைத்திருக்கும் கணக்கு எளிதில் புரியும், அதனால் அதையே உதாரணமாகச் சொல்கிறேன். பிராக்டிகம் 100 மணிநேரம், அதில் 40 மணிநேரம் நேரடி ஆலோசனை. இன்டர்ன்ஷிப் 600 மணிநேரம், அதில் 240 நேரடி. மீதி நேரம் எங்கே போகிறது? குறிப்பு எழுதுவது, அடுத்த அமர்வுக்குத் தயாராவது, பெற்றோரைப் பார்ப்பது, மேற்பார்வையாளரோடு உட்காருவது. இவையெல்லாம் வேலைதான், ஆனால் நேரடி மணிநேரம் இல்லை. வாரந்தோறும் மேற்பார்வையாளரைச் சந்திப்பதும் அதிலே கட்டாயம். நம் வாரியத்தின் பயிற்சித் தரத்தில் எண்கள் வேறுபடும். உங்கள் படிப்பின் பிராக்டிகம் கையேட்டில் அது இருக்கும். ஆனால் மொத்தம் வேறு, நேரடி வேறு, மேற்பார்வை வேறு என்ற பிரிவினை எங்கும் உண்டு.

இதை நம் பள்ளி வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். ஓர் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு மணிநேரம் பிள்ளைகளுடன் தனியாக உட்கார்ந்து பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியாண்டு ஏறத்தாழ 40 வாரம். ஆண்டு முழுக்கச் செய்தால் 40 மணிநேரம். அந்தக் கணக்கில் 240 மணிநேரம் சேர ஆறு ஆண்டு ஆகும். அதனால்தான் இன்டர்ன்ஷிப்பை ஓய்வு நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பாதியில் தடுமாறுகிறார்கள். வேலை செய்துகொண்டே படிக்கும் ஆசிரியருக்குப் பாடம் படிப்பதும் தேர்வு எழுதுவதும் பெரிய பாரமில்லை. இன்டர்ன்ஷிப் பருவம்தான் பாரம். அந்தச் சில மாதங்களுக்கு விடுப்பு எப்படி, சம்பளம் எப்படி என்பதை முதல் ஆண்டிலேயே தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி இலாகாவிடமும் பேசிவைக்க வேண்டும். அரசாங்கத்தின் எச்.எல்.பி. உபகாரச் சம்பளம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும்.

இன்னொரு சிக்கல். "என் பள்ளியிலேயே, என் பிள்ளைகளோடயே பிராக்டிகம் பண்ணிக்கிறேனே" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் கணக்கு நோட்டில் சிவப்பு மை போட்டவர், பத்து மணிக்கு அதே பிள்ளையிடம் "மனசுல உள்ளத சொல்லுப்பா" என்றால் பிள்ளை எதைச் சொல்லும்? அதிலும் அந்த ஆசிரியரே கட்டொழுங்கு ஆசிரியராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிராக்டிகத்தை வேறு இடத்தில் செய்வது நல்லது என்பது என் கருத்து, பயணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. தீவில் வேலை செய்பவர் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பள்ளியையோ நிலையத்தையோ பார்க்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? மேற்பார்வை இல்லாமல் ஆயிரம் மணிநேரம் பேசினாலும் பழகுவது பழைய பழக்கம்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பயிற்சியாளரிடம், "டீச்சர், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். நல்ல மனசுள்ள எந்த ஆசிரியரும் "சரிம்மா, சொல்லமாட்டேன்" என்றுதான் சொல்வார். அடுத்த நிமிடம் அந்தப் பிள்ளை, உறவினர் ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறாள். இப்போது என்ன செய்வது? 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் (சட்டம் 792) 19ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் பற்றி அறிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம். கவுன்சலருக்கு மட்டுமல்ல, எவருக்கும் இது பொருந்தும். கொடுத்த சத்தியத்தை உடைக்க வேண்டும், உடைத்தால் அந்தப் பிள்ளை மறுபடி யாரிடமும் வாய் திறக்காமல் போகலாம்.

மேற்பார்வையாளர் அந்த அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்கும்போது, பிள்ளை சொன்ன விஷயத்துக்கு வருவதற்கு முன்பே, "சரிம்மா, சொல்லமாட்டேன்" என்ற இடத்தில் பதிவை நிறுத்துவார். ரகசியத்தின் எல்லையை முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்திலேயே பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்: "நீ சொல்றத நான் ஊரெல்லாம் சொல்லமாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உன்னைக் காப்பாத்தக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்." இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் வாயில் வருவதற்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து தடவை திருத்த வேண்டியிருக்கிறது.

இங்கேதான் தமிழ்ப்பள்ளிக்கே உரிய ஒரு பிரச்சனை வருகிறது. பிள்ளை பேசுவது தமிழ். மேற்பார்வையாளர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். அமர்வை எழுத்தாக்கி, மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்துத்தான் பயிற்சியாளர் கொண்டுபோக முடிகிறது. மொழிபெயர்க்கும்போதே பாதி விஷயம் கை நழுவிப் போகும். "மனசு வலிக்குது டீச்சர்" என்று பிள்ளை சொன்னதை அவசரத்தில் 'சாக்கிட் ஹாத்தி' என்று எழுதினால், மலாயில் அது ஒருவர்மேல் உள்ள கோபத்தையும் மனக்கசப்பையும் குறிக்கும். மேற்பார்வையாளர் பிள்ளையின் கோபத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார், பிள்ளையோ துக்கத்தைச் சொல்லியிருக்கும். "நெஞ்ச அடைக்குது", "வயித்தக் கலக்குது" என்பவற்றை உடல்நோயாக எழுதிவிட்டாலும் இதே கதைதான்.

இதற்கு ஒரு வழி, எழுத்தாக்கத்தை மூன்று பத்தியாக வைத்துக்கொள்வது. முதல் பத்தியில் பிள்ளை சொன்ன தமிழ், அப்படியே, பேச்சுத்தமிழில். அடுத்ததில் மொழிபெயர்ப்பு. மூன்றாவதில், அந்தச் சொல்லை நம் வீடுகளில் எப்போது சொல்வார்கள் என்ற ஒருவரிக் குறிப்பு. வேலை இரண்டு மடங்குதான். ஆனால் நம் பிள்ளையின் பேச்சை மேற்பார்வையாளர் கேட்கிற மாதிரி செய்ய வேறு வழி தெரியவில்லை. தமிழ் தெரிந்த பதிவுபெற்ற கவுன்சலர் ஒருவர் தள மேற்பார்வையாளராகக் கிடைத்தால் நல்ல காலம்தான். விண்ணப்பிக்கும்போதே அப்படி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் கேள்வி கேட்பதும் தனிக் கலை. புத்தகத்தில் திறந்த கேள்வி கேள் என்றிருக்கும். நாமும் "ஏன் அப்படிச் செஞ்ச?" என்போம். நம் வீட்டில் 'ஏன்' என்பது விசாரணைச் சொல், பிள்ளை உடனே தலையைக் குனிந்துகொள்ளும். "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்றால் பேசும். இப்படிப்பட்ட நுணுக்கங்களை எந்த மலாய்ப் புத்தகமும் நமக்குச் சொல்லித்தராது. பயிற்சிக்காலத்தில் நாமே குறித்துவைத்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, அங்கே தமிழில் பேசக்கூடிய கவுன்சலர் இருப்பார் என்று சொல்ல முடியாது. தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுதான் பலருக்கு அந்த வாய்ப்பு.

உரிமம் எடுக்க எண்ணமில்லாத ஆசிரியர் பிள்ளைகளிடம் பேசக்கூடாதா என்றால், தாராளமாகப் பேசலாம். காது கொடுத்துக் கேட்பதற்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்கள் செய்வதும் கேட்பதுதான், அவர்கள் தங்களைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்வதில்லை. எல்லை தாண்டுகிறது என்று தெரிந்தால் ஜி.பி.கே.விடமோ மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தாலியான் காசே 15999 இருக்கிறது.

உரிமம் எடுக்கத் தீர்மானித்தவர்களுக்கு, மணிநேரப் பதிவேடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு அமர்வுக்கும் தேதி, நேரம், தனியாளா குழுவா, நேரடியா அல்லாததா, மேற்பார்வை எப்போது நடந்தது என்று அன்றன்றே எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் அவருடைய பதிவு எண்ணையும் வாரா வாரம் வாங்கிவிடுங்கள். பருவக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார். அசலைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கும் முன் நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.