காப்பீடு இருக்க, காணிக்கை எதற்கு?



"அரசாங்கமே காப்பீடு கொடுக்கிறதே, மருத்துவமனைக்கு எங்கள் காணிக்கை இன்னும் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனோடு இணைக்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. கொட்டிவாக்கம் குப்பத்து மீனவர் ஒருவர் கடன் வாங்காமல் இருதய அறுவைச் சிகிச்சை பெற முடிகிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம்!

ஆனால் திட்டத்தில் சேரும் மருத்துவமனைக்கு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த தொகைதான் கிடைக்கும். அதுவும் சிகிச்சை முடிந்து கணக்கு அனுப்பிய பின்பே வரும். மருந்துக்கும் சம்பளத்துக்கும் அதுவரை நாமே செலவழிக்க வேண்டும். நோயாளியிடம் கூடுதலாக வாங்கக் கூடாது, அது சரியே. புண் ஆறத் தாமதித்து அவர் அதிக நாள் தங்கினால், அந்தச் செலவு பெரும்பாலும் நம்மைச் சேரும். சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் வாங்கும் மாத்திரையும், பட்டியலில் இல்லாத சிகிச்சையும் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. குடும்ப அட்டையோ வருமானச் சான்றோ இல்லாத ஏழையும் பொதுவாக வெளியேதான்.

நஷ்டம் என்று நாம் விலகினால், அட்டையோடு வரும் ஏழையைத் திருப்பி அனுப்ப நேரிடும். அது நம்மால் ஆகாது.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்ததோடு நிற்கவில்லை. அதற்கு மேல் ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான். காப்பீடு அந்த இரண்டு காசு. அதற்கு மேல் ஆவதே உங்கள் காணிக்கை. ஜெபத்திலும் எங்களைத் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்