மிகச் சிறிய எண்ணே எல்லை

அமெரிக்காவில் மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெற்றோர் பலர், அந்நாட்டுச் சாலைகளில் கார்களின் பின்னால் சிறிய வண்டிகள் உருண்டு செல்வதைக் கண்டிருப்பர். வீடு மாறுவோரின் கட்டில், தோட்டத்துக்கான மண், வெட்டிய மரக்கிளைகள், புல்வெட்டும் இயந்திரம் என அவற்றில் ஏறாத பொருள் இல்லை. 'யுட்டிலிட்டி டிரெய்லர்' எனப்படும் இவ்வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஓர் அச்சு, இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு தளம், அவ்வளவே.

பொருளியல் நோக்கில் இது சிக்கனமான ஏற்பாடு. ஆண்டுக்குப் பத்து நாள் சுமை ஏற்றுவதற்காகப் பெரிய பிக்-அப் வாகனம் ஒன்றை வாங்கி, எஞ்சிய 355 நாளும் அதன் எரிபொருள் செலவைச் சுமப்பானேன்? இருக்கும் எஸ்.யு.வி.யின் பின்புறம் இணைப்புக் கொக்கியைப் பொருத்தி, தேவைப்படும்போது டிரெய்லரை வாடகைக்கு எடுத்தால் போதும். பல்லாண்டு பொருளியல் கற்பித்த எனக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போனது.

ஆனால், இதில் வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு. தவறாகப் பூட்டப்பட்ட டிரெய்லர் கழன்றாலோ கவிழ்ந்தாலோ, அதற்கான விலையைப் பின்னாலும் எதிரிலும் வருவோரும் சேர்ந்து செலுத்த நேரிடுகிறது. ஒருவரின் செயலால் தொடர்பில்லாத இன்னொருவர் மீது விழும் இத்தகைய சுமையைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். எனவே, டிரெய்லரைப் பூட்டும் முறையைச் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வாகனம் வாங்கியவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்வி, 'என் வண்டி எவ்வளவு எடையை இழுக்கும்?' என்பதுதான். இதற்கு ஒரே விடை இல்லை. வாகனத்துக்கு ஓர் இழுவை வரம்பு. கொக்கிக்கு ஒரு வரம்பு. கொக்கியின் மேல் அமரும் இரும்பு உருண்டைக்கு ஒரு வரம்பு. டிரெய்லரின் அச்சுக்கும் டயருக்கும் தனித்தனி வரம்புகள். இவற்றுள் எது மிகக் குறைவோ, அதுவே முழு அமைப்பின் எல்லை.

பயிருக்கு எந்தச் சத்து மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ, அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதியை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் பரவலாக அறியச் செய்தார். டிரெய்லருக்கும் அவ்விதி அப்படியே பொருந்துகிறது. எஸ்.யு.வி.யின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ என வைத்துக்கொள்வோம். அதில் பொருத்தியிருப்பது 2,000 பவுண்டு மட்டுமே தாங்கும் முதல் வகைக் கொக்கி என்றால், எல்லை சுமார் 900 கிலோதான். டிரெய்லரின் சொந்த எடை 300 கிலோ எனில், ஏற்றத்தக்க பொருள் 600 கிலோ மட்டுமே. மறுபுறம், 1,500 பவுண்டு மட்டுமே இழுக்கத்தக்க சிறிய எஸ்.யு.வி.யில் எவ்வளவு உறுதியான கொக்கியை மாட்டினாலும் அதன் வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது.

எடையைக் கண்ணளவில் மதிப்பிடுவதும் ஆபத்தானது. ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட டிரெய்லரில் ஓரடி உயரத்துக்கு மணல் கொட்டினால், பார்வைக்கு அது பாதிகூட நிரம்பாததுபோல் தோன்றும். ஆனால், அந்த 40 கன அடி உலர்ந்த மணலின் எடை ஏறத்தாழ 1,800 கிலோ. ஈரமணல் எனில் இன்னும் கூடுதல். இந்த அளவு டிரெய்லர்கள் பலவற்றில், சொந்த எடையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 2,990 பவுண்டு. அதாவது சுமார் 1,356 கிலோ.

அதென்ன 2,990 என்று வியக்கலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3,000 பவுண்டு என்ற அளவை எட்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பதற்காகவே இந்த எண். சட்டம் எங்கே கோடு கிழிக்கிறதோ, அதை ஒட்டியே சந்தை வந்து நிற்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை முழுவதையும் நிறுத்த வேண்டிய பொறுப்பு, இழுக்கும் வாகனத்தின் பிரேக்கின் மீதே விழுகிறது.

மொத்த எடைக்கு நிகரான முக்கியத்துவம் அது பகிரப்படும் விதத்துக்கும் உண்டு. டிரெய்லரின் முன்முனை, கொக்கியின் மீது கீழ்நோக்கிச் செலுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் நெறி. 900 கிலோ டிரெய்லருக்கு இது 90 முதல் 135 கிலோ. சுமையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அச்சுக்கு முன்புறம் வைத்தால் இந்த அளவு கிட்டும். பாரம் பின்பக்கம் கூடினால் முன்முனை இலேசாகி, வேகம் ஏறியதும் டிரெய்லர் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கும். முற்றினால் இழுக்கும் வாகனத்தையே திருப்பிவிடும். சிறிய டிரெய்லர் எனில், கொக்கியின் உயரத்துக்குக் கற்களை அடுக்கி, அவற்றின் மேல் வீட்டிலுள்ள எடைபார்க்கும் கருவியை வைத்தே முன்முனையின் எடையை அறிந்துகொள்ளலாம்.

இந்த எடை வாகனம் சுமக்கும் பாரத்திலும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில், பயணிகளும் பொருள்களும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று குறிக்கப்பட்டிருக்கும். அது 450 கிலோ எனக் கொள்வோம். பெரியவர்கள் ஐவரின் எடை 350 கிலோ. முன்முனையின் எடை 120 கிலோ. பெட்டி ஒன்றைக்கூட ஏற்றுமுன்பே வரம்பு கடந்துவிட்டது.

வேகமும் ஒரு வரம்புதான். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் கார்களுக்குப் பொதுவான உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. கலிபோர்னியாவில் 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். ஊசலாட்டம் தொடங்கினால் திடீரென பிரேக் அழுத்தவோ ஸ்டீரிங்கை வளைக்கவோ கூடாது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகத் தணியவிட வேண்டும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை சில. உருண்டையின் அளவும் அதைக் கவ்வும் பூட்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலப் பூட்டு, அதைவிடச் சிறிய ஒன்றே முக்கால் அங்குலத்தை ஒட்டிய உருண்டையிலும் உட்கார்ந்ததுபோல் தோன்றும். மேடு பள்ளத்தில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்முனைக்கு அடியில் குறுக்காகக் கோர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டு கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில்போல் தாங்கும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவை எரிகின்றனவா என்று இன்னொருவரைப் பின்னால் நிற்கவைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கரும்பும் செங்கல்லும் ஏற்றிச் செல்லும் நம் ஊர் டிராக்டர் டிரெய்லர்களுக்கும் இதே இயற்பியல்தான். அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஆனால், பாரம் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, இருட்டில் பின்விளக்கு எரிகிறதா என்பதையெல்லாம் ஒவ்வொரு வண்டியிலும் சட்டம் வந்து பார்த்துக் கொண்டிருக்க முடியாது. ஓட்டுபவரே பார்க்க வேண்டும்.

அளவு மீறிய பாரத்தால் வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் எடுத்துக்காட்டாகக் கூறிய அதிகாரத்தின் பெயர் வலியறிதல். வலிமை என்பது எஞ்சினின் குதிரைத் திறனில் மட்டும் இல்லை. இணைக்கப்பட்ட உறுப்புகளில் எது மிக மெலிந்தது என்று அறிவதிலும் இருக்கிறது. அந்த அறிவுக்கு ஆகும் செலவு பத்து நிமிடம். அது இல்லாமல் போனால் விலை கொடுப்பவர், பின்னால் வரும் முகமறியாத ஒருவராகவும் இருக்கலாம்.